மேடலின் லைனிங்கர்: நோயாளியின் உலகத்துக்குள் போன நர்ஸ்

ஏதாவது ஒரு மருத்துவமனை பில்லை எடுத்துப் பாருங்கள். அறை வாடகை, மருந்து, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டாக்டர் கட்டணம் என்று வரிவரியாக இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு பயந்துபோய் எழுந்து உட்கார்ந்த நோயாளியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் தூங்கும்வரை பேசிக்கொண்டிருந்த நர்ஸுக்கு அதில் ஒரு வரி இருக்காது. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கேயும் நர்ஸ்களின் வேலை காலம் காலமாக அறை வாடகைக்குள்ளேயே அடக்கப்பட்டு வந்தது.

கணக்கில் தனி வரி இல்லாத இந்த வேலையைத் தனியாக எடுத்து ஆராய முடியுமா? அதைப் படிக்கவும் கற்றுக்கொடுக்கவும் முடியுமா? அதுவும் நோயாளி வேறு மொழி, வேறு மதம், வேறு பழக்கவழக்கம் உள்ளவராக இருந்தால்?

முடியும் என்று சொல்லி, அதற்காகவே அறுபது வருடம் உழைத்தவர் மேடலின் லைனிங்கர். மனநல நர்ஸாகத் தொடங்கி, மானிடவியல் படித்து, பேராசிரியராகி, நர்சிங் படிப்பில் ஒரு புதிய துறையையே உருவாக்கியவர். மருத்துவத் துறைக்கு வெளியே அவர் பெயர் பலருக்குத் தெரியாது. உலகம் முழுவதும் நர்சிங் மாணவர்கள் மட்டும் பரீட்சைக்காக அவர் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள்!

பண்ணையிலிருந்து டென்வருக்கு

லைனிங்கர் 1925 ஜூலை 13 அன்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சட்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். பண்ணை வீட்டில் வளர்ந்தவர். பிறவியிலேயே இதய நோய் இருந்த தன் அத்தையைப் பார்த்துத்தான் நர்சிங் படிக்கும் ஆசை வந்தது என்று பின்னாளில் சொன்னார்.

அவர் பள்ளிப் படிப்பை முடித்தபோது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மருத்துவமனைகளில் நர்ஸ்கள் போதவில்லை. அதனால் 1943-ல் அமெரிக்க அரசு "கேடட் நர்ஸ் கோர்" என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. சேரும் பெண்களுக்குப் படிப்புச் செலவை அரசே ஏற்றுக்கொண்டது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் நர்சிங் பக்கம் வந்தார்கள். லைனிங்கரும் அப்படி வந்தவர்தான். டென்வர் நகரில் செயின்ட் அந்தோணி நர்சிங் பள்ளியில் படித்து 1948-ல் டிப்ளமோ வாங்கினார்.

அதோடு நிற்கவில்லை. 1950-ல் கன்சாஸ் மாநிலத்தில் பெனடிக்டைன் கன்னியாஸ்திரிகள் நடத்திய கல்லூரியில் இளநிலைப் பட்டம். 1954-ல் வாஷிங்டன் நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மனநல நர்சிங்கில் முதுநிலைப் பட்டம். அவர் படித்த இந்த மூன்று இடங்களுமே கத்தோலிக்க நிறுவனங்கள். நோயாளியின் நம்பிக்கை, பிரார்த்தனை, மரணத்தைப் பற்றிய பயம் ஆகியவற்றையெல்லாம் "இது நம் வேலை இல்லை" என்று ஒதுக்கிவிடாத சூழலில் வளர்ந்தவர் அவர்.

அந்தக் காலத்து மனநல மருத்துவம்

லைனிங்கர் வேலைக்கு வந்த காலத்தில் மனநல மருத்துவம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1955-ல் அமெரிக்க மாநில அரசுகளின் மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் இருந்தார்கள். அந்த நாட்டின் வரலாற்றிலேயே இதுதான் உச்சம். குளோர்புரோமசின் என்ற மருந்து அமெரிக்காவில் 1954-ல்தான் அனுமதி பெற்றது. அதற்கு முன்பு, கட்டுக்கடங்காத நோயாளி என்றால் மின்அதிர்ச்சி, கட்டிப் போடுவது, மூளை அறுவை சிகிச்சை இவையெல்லாம்தான் வழி. நர்ஸின் வேலை கதவைப் பூட்டுவதும், சாப்பாடு கொடுப்பதும், டாக்டர் சொன்னதைச் செய்வதும்.

இன்னொரு பக்கம், படித்த டாக்டர்களிடம் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு கொடிகட்டிப் பறந்தது. ஃபிராய்டுக்கு மதம் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. மதச் சடங்குகளை ஒருவகை மனநோயோடு ஒப்பிட்டு 1907-லேயே கட்டுரை எழுதியவர். 1927-ல் வந்த அவருடைய புத்தகம் மதத்தை ஒரு மாயை என்றே சொன்னது. அவரைப் பின்பற்றிய டாக்டர்கள் பலருக்கு நோயாளி சாமியைப் பற்றிப் பேசினால் அதுவும் ஒரு அறிகுறிதான்.

மாற்றமும் தொடங்கியிருந்தது. 1952-ல் ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற நர்ஸ் ஒரு புத்தகம் எழுதினார். நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே ஒரு சிகிச்சை என்பது அவர் வாதம். மனநல நர்சிங் தனித் துறையாக நிமிர்ந்து நிற்க அந்தப் புத்தகம் பெரிய காரணம். ஆனால் அந்த உறவில் ஒருவர் ஒரு கலாசாரத்திலிருந்தும் மற்றவர் வேறு கலாசாரத்திலிருந்தும் வந்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியில்தான் லைனிங்கர் போய் முட்டிக்கொண்டார்.

சின்சினாட்டி குழந்தைகள்

1954-ல் லைனிங்கர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குப் போனார். குழந்தைகள் மனநல நர்சிங்கில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கும் பொறுப்பு அவருக்கு. அதே சமயம் மனநலப் பிரச்சினை உள்ள குழந்தைகள் தங்கியிருந்த ஒரு இல்லத்திலும் வேலை பார்த்தார்.

அங்கே இருந்த குழந்தைகள் பல பின்னணிகளிலிருந்து வந்தவர்கள். கறுப்பினக் குழந்தைகள், யூதக் குழந்தைகள், ஜெர்மானிய வம்சாவளிக் குழந்தைகள், அப்பலாச்சிய மலைப்பகுதியிலிருந்து வந்த ஏழைக் குழந்தைகள். எல்லோருக்கும் ஒரே சிகிச்சை முறை. ஒரே நேரத்தில் படுக்கை, ஒரே மாதிரி சாப்பாடு, ஒரே மாதிரி விளையாட்டு. ஆனால் குழந்தைகள் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை! தூங்கும் நேரத்தில், சாப்பிடும் நேரத்தில், விளையாடும் நேரத்தில் ஒவ்வொருவரும் எதிர்பார்த்தது வேறாக இருந்தது. யாராவது பக்கத்தில் இருந்தே தீரவேண்டும் என்று ஒரு குழந்தைக்கு. தொட்டாலே பிடிக்காது இன்னொரு குழந்தைக்கு.

படித்த உளப்பகுப்பாய்வுப் பாடம் எதுவும் இதற்கு உதவவில்லை. ஒரு குழந்தைக்கு வேலை செய்த முறை அடுத்த குழந்தையிடம் தோற்றது. பேராசிரியராக இருந்த லைனிங்கர், அந்தக் குழந்தைகளின் முன்னால் தான் செய்வதறியாமல் நின்றதாகப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார். அதைத் தன் "கலாசார அதிர்ச்சி" என்றும் சொன்னார். சாதாரணமாக அந்தச் சொல்லை வெளிநாடு போகிறவர்கள் சொல்வார்கள். அவருக்கு அது சொந்த நாட்டிலேயே, ஒரு வார்டுக்குள்ளேயே நடந்தது.

குழந்தைகளிடம் கோளாறு என்று எழுதிவைத்துவிட்டு அவர் போயிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அவர் பிறகு செய்தது எல்லாம் அந்த முடிவிலிருந்து வந்ததுதான்.

அந்தச் சமயத்தில் புகழ்பெற்ற மானிடவியலாளர் மார்கரெட் மீட் சின்சினாட்டியின் மனநலத் துறைக்கு வருகைப் பேராசிரியராக வந்திருந்தார். லைனிங்கர் நேராகப் போய்க் கேட்டார், நர்சிங்குக்கும் மானிடவியலுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று. சினிமாவாக இருந்தால் மீட் அவர் தோளைத் தட்டி வழிகாட்டியிருப்பார். நிஜத்தில் பெரிய உற்சாகமோ உதவியோ கிடைக்கவில்லை. அப்படியானால் தானே படித்துத் தெரிந்துகொள்வது என்று லைனிங்கர் தீர்மானித்தார்.

ஒரு புத்தகமும் ஒரு போன் அழைப்பும்

1960-ல் லைனிங்கரும் மனநல மருத்துவர் சார்லஸ் ஹாஃப்லிங்கும் சேர்ந்து மனநல நர்சிங்குக்கு ஒரு பாடப்புத்தகம் எழுதினார்கள். அது 11 மொழிகளில் வெளிவந்து பல நாடுகளில் பாடமாக இருந்தது.

இந்த ஹாஃப்லிங் பெயர் உளவியல் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1966-ல் அவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட சோதனை மிகவும் பிரபலம். முன்பின் தெரியாத "டாக்டர்" ஒருவர் ராத்திரி டியூட்டியில் இருக்கும் நர்ஸுக்குப் போன் செய்வார். ஒரு நோயாளிக்கு "ஆஸ்ட்ரோட்டென்" என்ற மருந்தில் 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்வார். டப்பாவின் லேபிளிலேயே அதிகபட்ச அளவு 10 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். போனில் உத்தரவு வாங்குவது விதிமுறைக்கும் எதிரானது. இருந்தும் 22 நர்ஸ்களில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியிடம் கிளம்பிவிட்டார்கள்! வழியில் அவர்களை நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்கள். டப்பாவில் இருந்ததும் நிஜ மருந்து கிடையாது.

1977-ல் வேறு ஆய்வாளர்கள் இதை மாற்றிச் செய்து பார்த்தார்கள். நர்ஸ்களுக்குப் பழக்கமான மருந்தையே வைத்தார்கள். சக நர்ஸிடம் கலந்து பேசவும் இடம் கொடுத்தார்கள். அப்போது 18 பேரில் 16 பேர் கொடுக்க மறுத்தார்கள். விஷயம் தெரிந்தால், பேச இடம் இருந்தால், நர்ஸ் தானாக யோசிக்கிறார்.

லைனிங்கரின் போராட்டத்தைப் புரிந்துகொள்ள இந்தச் சோதனை உதவும். நர்சிங் என்பது டாக்டரின் கை கால் மட்டும்தான் என்று இருந்தவரை, நோயாளி யார், எதை நம்புகிறார் என்று நர்ஸ் கேட்கவே தேவையில்லை. நர்சிங்குக்கு என்று சொந்த அறிவு வேண்டும், அந்த அறிவின் மையத்தில் "பராமரிப்பு" இருக்க வேண்டும் என்று லைனிங்கர் சொன்னார். குணமாக்க முடியாத நோயாளியையும் பராமரிக்க முடியும். பராமரிப்பு இல்லாமல் எந்த நோயாளியும் குணமாவதில்லை. அவர் கொள்கையின் அடிப்படை இதுதான்.

காட்சப் மக்களோடு

லைனிங்கர் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மானிடவியலில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். கள ஆய்வுக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் நியூ கினியின் கிழக்கு மலைப்பகுதி. அங்கே காட்சப் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். இன்றைக்கு அது பாப்புவா நியூ கினி நாட்டில் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் லைனிங்கர் போனபோது ஆஸ்திரேலிய நிர்வாகத்தில் இருந்தது.

இரண்டு கிராமங்களில், ஏறத்தாழ இரண்டு வருடம், அந்த மக்களோடு தங்கினார். துணைக்கு வேறு ஆய்வாளர் யாரும் கிடையாது. நோய் வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதோடு நிறுத்தாமல், நோய் வராமல் இருக்க என்ன செய்கிறார்கள், குழந்தையை யார் தூக்குகிறார்கள், பயந்தவரை யார் தேற்றுகிறார்கள் என்றெல்லாம் கவனித்தார்.

காட்சப் மக்களிடம் பராமரிப்பு என்பதற்கு வேறு அர்த்தம் இருந்தது. "பார்த்துக்கொள்வது" அங்கே மிகப் பெரிய விஷயம். பக்கத்திலிருந்தும் தூரத்திலிருந்தும் ஒருவரை ஒருவர் கண்காணித்துக் காப்பாற்றுவது. ஆண்கள் காவல் காப்பதன் வழியாகப் பராமரித்தார்கள். பெண்கள் ஊட்டி வளர்ப்பதன் வழியாகப் பராமரித்தார்கள். தொடுவது முக்கியம். சடங்குகளையும் கட்டுப்பாடுகளையும் மீறாமல் இருந்தால்தான் நோயும் சாவும் அண்டாது என்ற நம்பிக்கையும் இதே பராமரிப்பின் ஒரு பகுதிதான்.

மருத்துவம், மதம், குடும்பம், ஊர்க் கட்டுப்பாடு என்று நாம் தனித்தனி டப்பாவில் போட்டு வைத்திருப்பதை அந்த மக்கள் அப்படிப் பிரிக்கவில்லை. ஒரு காட்சப் நோயாளியை இந்த டப்பாக்களோடு அணுகும் நர்ஸுக்கு அவரைப் பற்றி பாதிகூடத் தெரியாது. சின்சினாட்டி குழந்தைகளிடம் தான் எங்கே கோட்டை விட்டோம் என்பது லைனிங்கருக்கு அந்த மலைக் கிராமத்தில் புரிந்தது.

1965-ல் முனைவர் பட்டம் கிடைத்தது. மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் தொழில்முறை நர்ஸ் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

சூரிய உதயப் படம்

இந்த அனுபவங்களிலிருந்து லைனிங்கர் உருவாக்கிய கோட்பாட்டைத் தமிழில் "கலாசாரப் பராமரிப்புக் கோட்பாடு" என்று சொல்லலாம். பராமரிப்பு எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது, ஆனால் அதன் வடிவம் ஊருக்கு ஊர் மாறுகிறது. சுருக்கம் இவ்வளவுதான்.

இதை விளக்க ஒரு படமும் வரைந்தார். அரைவட்டமாக எழும் சூரியன். அதன் கதிர்களாக ஏழு விஷயங்கள்: தொழில்நுட்பம், மதமும் தத்துவமும், உறவுமுறை, கலாசார மதிப்புகளும் வாழ்க்கை முறையும், அரசியலும் சட்டமும், பொருளாதாரம், கல்வி. நோயாளியைப் புரிந்துகொள்ள இந்த ஏழையும் பார்க்க வேண்டும். மதமும் ஆன்மிகமும் இங்கே முழு இடம் பெற்றிருப்பதைக் கவனியுங்கள். நர்ஸ் அந்த மதத்தை நம்ப வேண்டியதில்லை. ஆனால் நோயாளி அதை நம்புகிறார் என்பது ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதைப்போலத் தெரிந்திருக்க வேண்டிய தகவல்.

சரி, தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்வது? மூன்று வழிகளைச் சொன்னார்.

முதல் வழி, இருப்பதைக் காப்பாற்றுவது. 1971-ல் டீவி ரீஸ் என்ற டாக்டர் வேல்ஸ் பகுதியில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் ஆய்வு செய்தார். இறந்துபோன துணை பக்கத்தில் இருப்பதுபோல உணர்ந்ததாகவோ, பார்த்ததாகவோ, குரல் கேட்டதாகவோ ஏறத்தாழ பாதிப் பேர் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் அதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. இவர்கள் யாரும் பைத்தியம் கிடையாது. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. இப்படி ஒருவர் வந்து சொன்னால், உடனே மாத்திரையை நீட்டாமல், அவருடைய துக்கச் சடங்குக்கும் பிரார்த்தனைக்கும் இடம் கொடுப்பதுதான் நல்ல பராமரிப்பு.

இரண்டாவது வழி, பேசி ஒத்துப்போவது. இருமுனை மனநோய்க்கு லித்தியம் சாப்பிடும் ஒரு முஸ்லிம் நோயாளி ரம்ஜான் நோன்பு இருக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் நீர் குறைந்தால் லித்தியத்தின் அளவு ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடும். "நோன்பு கூடாது" என்று அதட்டினால் அவர் மாத்திரையைத்தான் நிறுத்துவார். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று அவர் மதமே சொல்கிறது. அதை அவர் மதிக்கும் இமாமின் வாயால் கேட்கச் செய்யலாம். அப்படியும் நோன்பு இருப்பேன் என்றால் டாக்டரைக் கொண்டு மருந்து நேரத்தை மாற்றி, ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்யலாம். இதற்கு நர்ஸுக்கு மருந்தும் தெரிந்திருக்க வேண்டும், நோன்பும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, மாற்றுவது. பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஒருவரை அடிக்கிறார்கள், கட்டி வைக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்றால் "அது அவர்கள் கலாசாரம்" என்று கைகட்டி நிற்க முடியாது. அதை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் அந்தக் குடும்பத்தைப் பகைத்துக்கொண்டு மாற்றினால் மறுவாரமே பழையபடி ஆகிவிடும். அவர்களோடு சேர்ந்து மாற்ற வேண்டும் என்றார் லைனிங்கர்.

கலாசாரத்தை மதிப்பது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைப்பவர்களுக்கு இந்த மூன்றாவது வழிதான் பதில்.

துறை வளர்ந்த கதை

1966-ல் கொலராடோ பல்கலைக்கழகம் லைனிங்கரை நர்சிங், மானிடவியல் இரண்டுக்கும் சேர்த்துப் பேராசிரியராக நியமித்தது. பல கலாசார நர்சிங்கில் முதல் பாடத்தை அங்கேதான் தொடங்கினார். 1969-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக நர்சிங் பள்ளியின் தலைவர். 1974-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் அதே பதவி. 1981-லிருந்து 1995-ல் ஓய்வு பெறும்வரை டெட்ராய்ட்டில் உள்ள வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

1974-ல் பல கலாசார நர்சிங் சங்கம் பிறந்தது. 1989-ல் அதற்கென்று ஒரு ஆய்விதழ் வந்தது. 1970-ல் நர்சிங்கையும் மானிடவியலையும் இணைத்து ஒரு புத்தகம், 1978-ல் இந்தத் துறைக்கான பாடநூல், 1991-ல் கோட்பாட்டை முழுமையாக விளக்கும் நூல் என்று 25-க்கும் மேற்பட்ட புத்தகங்களை எழுதியும் தொகுத்தும் வெளியிட்டார்.

அதே காலத்தில் ஆன்மிகத்தின் பக்கமிருந்து இதே மனநல நர்சிங்குக்கு வந்த இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அவர் ஜாய்ஸ் டிராவல்பீ. நாஜி முகாமில் உயிர் பிழைத்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலின் சிந்தனையால் ஈர்க்கப்பட்டவர். நோயிலும் வேதனையிலும் ஒரு அர்த்தத்தைக் கண்டுபிடிக்க நோயாளிக்கு உதவுவதும் நர்ஸின் வேலை என்று 1966-ல் எழுதினார். 1973-ல், ஐம்பது வயதைக்கூட எட்டாமல், இறந்துபோனார். லைனிங்கருக்குக் கிடைத்த நீண்ட ஆயுள் அவருக்குக் கிடைத்திருந்தால் இந்தத் துறை இன்னும் எவ்வளவோ தூரம் போயிருக்கும்.

நியூசிலாந்திலிருந்து வந்த கேள்வி

லைனிங்கரை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மிகக் கூர்மையான விமர்சனம் நியூசிலாந்திலிருந்து வந்தது. அதைச் சொன்னவரும் ஒரு நர்ஸ்தான். மாவோரி இனத்தைச் சேர்ந்த இரிஹபெட்டி ராம்ஸ்டன்.

அவர் கேட்டது இதுதான். நர்ஸ் நோயாளியின் கலாசாரத்தைப் படிக்கிறார், சரி. ஆனால் நர்ஸின் கலாசாரத்தை யார் படிப்பது? நிலத்தையும் மொழியையும் பறிகொடுத்த ஒரு மக்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர் மருத்துவமனைக்கு வரும்போது, அவருடைய பாட்டும் சடங்கும் தெரிந்த நர்ஸ் மட்டும் போதுமா? தன் கையில் இருக்கும் அதிகாரம் என்ன, தன் மனதில் இருக்கும் தப்பெண்ணம் என்ன என்று நர்ஸ் முதலில் தன்னைத்தானே பார்க்க வேண்டாமா? கிடைத்த பராமரிப்பு நன்றாக இருந்ததா என்று சொல்லும் உரிமை நோயாளிக்குத்தானே?

இதை ராம்ஸ்டன் "கலாசாரப் பாதுகாப்பு" என்று அழைத்தார். 1992-ல் நியூசிலாந்து நர்சிங் கவுன்சில் இதைப் படிப்பின் கட்டாயப் பகுதியாக்கியது. பெரிய எதிர்ப்பும் கிளம்பியது. 1993-லிருந்து இரண்டு மூன்று வருடம் பத்திரிகைகளிலும் நாடாளுமன்றம் வரையிலும் சண்டை நடந்தது. ராம்ஸ்டன் 2003-ல் மறைந்தார். அவர் கொண்டுவந்த பாடம் நிலைத்துவிட்டது.

விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. "இந்த மதத்தவர் இப்படி, அந்த நாட்டவர் அப்படி" என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால், ஒரு தப்பெண்ணத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தது போலாகும். ஒரே தெருவில், ஒரே மதத்தில் பிறந்த இரண்டு பேர் ஒரே மாதிரி கும்பிடுவதில்லை. லைனிங்கர் சொன்னதைச் சோம்பேறித்தனமாகப் படிப்பவர்களிடம் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. ஆனால் அவர் நியூ கினியில் பட்டியலோடு போய் இறங்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. அந்நியராகப் போய், நம்பிக்கைக்குரிய தோழியாக மாறும்வரை காத்திருந்தார். ஆய்வு செய்ய வரும் நர்ஸ்கள் எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அதையே ஒரு முறையாகவும் எழுதிவைத்தார்.

மாறிய மனநல மருத்துவம்

இதற்கிடையில் டாக்டர்களின் உலகமும் மெல்ல நகர்ந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்., 1994-ல் வந்த நான்காம் பதிப்பில் "மதம் அல்லது ஆன்மிகம் சார்ந்த பிரச்சினை" என்ற தலைப்பைச் சேர்த்தது. அதை நோய் என்று சொல்லவில்லை. நோயாக இல்லாமலேயே டாக்டரின் கவனம் தேவைப்படும் ஒரு விஷயம் என்று சேர்த்தது. ஃபிராய்டின் காலத்திலிருந்து எவ்வளவு தூரம்! 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 16 கேள்விகள் கொண்ட கலாசாரப் பேட்டி முறை இடம்பெற்றது. உங்கள் பிரச்சினையை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள், அது ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள், யாரிடம் உதவி தேடினீர்கள் என்ற மாதிரியான கேள்விகள்.

இந்த மாற்றம் முழுவதையும் லைனிங்கரின் கணக்கில் எழுதிவிட முடியாது. பல மனநல மருத்துவர்களும் மானிடவியலாளர்களும் இதற்காக உழைத்தார்கள். ஆனால் ஒரு நர்ஸ் 1950-களில் ஒரு வார்டில் நின்றுகொண்டு கேட்ட கேள்வியும் இதேதான்.

1998-ல் அமெரிக்க நர்சிங் அகாடமி லைனிங்கரை "வாழும் சரித்திரம்" என்று கௌரவித்தது. 2012 ஆகஸ்ட் 10 அன்று, 87 வயதில், தான் பிறந்த அதே நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒமாஹா நகரில் காலமானார்.

மருத்துவமனை பில்லில் இன்னும் அந்த வரி சேரவில்லை. ஆனால் இன்று ஒரு மனநல வார்டில், "வீட்டில் உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் பார்த்துக்கொள்வார்கள்? என்ன செய்வார்கள்?" என்று ஒரு நர்ஸ் கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்கிறார் என்றால், அந்தக் கேள்வி பாடத்திட்டத்துக்குள் வர ஒரு பெண்மணி ஒரு வார்டில் தோற்று, இரண்டு வருடம் ஒரு மலைக் கிராமத்தில் வாழ்ந்து, நாற்பது வருடம் வகுப்பறையில் நின்றிருக்கிறார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உங்களிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்கிறார்களா என்று கவனித்துப் பாருங்கள். கேட்கவில்லை என்றால், நீங்களே சொல்லுங்கள். சொல்ல வேண்டிய விஷயம்தான் அது!